கேரல் என்ற கிறிஸ்துமஸ் பாட்டை வைத்துக் காதைப் பழக்குவது: உங்கள் இசை வகுப்பில் எப்படி நடக்கிறது?

கோரஸ்_டீச்சர்

டிசம்பர் நெருங்கினாலே இசை வகுப்பு மொத்தமும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒத்திகையாகிவிடுகிறது. பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை பாடுகிறார்கள். ஆனால் காது? பக்கத்தில் நிற்பவன் சுருதி இறங்கிப் போனாலும் தெரிவதில்லை, பியானோ ஒரு வரி முன்னால் ஓடினாலும் தெரிவதில்லை. எப்படியும் அந்தப் பாட்டுகளோடுதான் ஒரு மாதம் ஓட்டப்போகிறோம். அதையே கேட்கப் பழக்கும் பாடமாக்கினால் என்ன என்று மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை செய்துகொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுதான் இதற்கு வசதி என்பது என் கட்சி. புதுப் பாட்டு போட்டால் மெட்டைப் பிடிப்பதிலேயே கவனமெல்லாம் போய்விடும். அடியில் என்ன ஓடுகிறது, எந்தக் குரல் எப்போது நுழைகிறது என்று பார்க்க மிச்சம் இருக்காது. மெட்டு தெரிந்த பாட்டில் அந்த மிச்சம் கிடைக்கிறது.

ஒரே நிபந்தனை, ஒரு முறை கேட்க ஒரே ஒரு கேள்வி. "கேளுங்க, என்ன தோணுது சொல்லுங்க" என்றால் "நல்லா இருக்கு மிஸ்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது.

ஓர் உதாரணம். 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி'. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஆராதனை 1919 முதல் இந்தப் பாட்டோடுதான் ஆரம்பிக்கிறது. முதல் சரணம் ஒரே ஒரு சிறுவனின் குரல், வாத்தியமே கிடையாது. பிறகு பாடகர் குழு சேரும், கடைசியில் ஆர்கனோடு கூடியிருக்கும் எல்லோரும். நான் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பேர் பாடுறாங்க? கண்ணை மூடிக்கிட்டு விரல்ல காட்டுங்க." முதலில் ஒற்றை விரல்கள். குழு நுழைந்ததும் சில கைகள் உடனே விரியும், சில கைகள் தயங்கும், ஒன்றிரண்டு கடைசிவரை ஒற்றை விரலாகவே நிற்கும். யார் கேட்கிறார்கள், யார் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சொல் பேசாமலே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

எட்டுக்கட்டை

மன்னிக்கவும் மேடம், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல வருஷம் வயலின் சொல்லிக்கொடுத்தவன். தெரிந்த பாட்டைப் பிள்ளை கேட்பதே இல்லை, நினைவில் இருந்து ஓட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சோதிப்பது ஞாபகசக்தியை, காதை இல்லை. அதுவும் கேரல்! கடைக்குப் போனால் அது, லிஃப்டில் ஏறினால் அது, தொலைபேசியில் காத்திருக்கச் சொன்னால் அது. காதில் விழுந்து விழுந்து மரத்துப்போன ஒன்றை வைத்துக் காதைத் தீட்ட முடியாது. அதுவரை கேட்டே இராத ஒரு துண்டு இசையைக் கொடுங்கள். அப்போது வேறு வழியில்லாமல் கேட்பார்கள்.

புதுவாத்தியார்

இந்த வருஷம்தான் வேலையில் சேர்ந்திருக்கிறேன். எட்டுக்கட்டை ஐயா சொல்வதுதான் என் வகுப்பில் நடக்கிறது. 'ஜிங்கிள் பெல்ஸ்' போட்டதும் இரண்டாவது நொடியில் நாற்பது பேரும் கத்திப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி கேட்க எங்கே இடம்?

கோரஸ்_டீச்சர்

எட்டுக்கட்டை ஐயா, நினைவில் இருந்து ஓட்டுவார்கள் என்பது உண்மைதான். அதையே பொறியாக்கிவிடலாம். 'சைலன்ட் நைட்' முதல் வரியைப் பியானோவில் ஒரே ஒரு ஸ்வரம் மாற்றி வாசியுங்கள். ப த ப க என்று வரவேண்டியதை ப த ப ம என்று நிறுத்துங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கேட்டிராத பாட்டில் தப்பான ஸ்வரம் என்று ஒன்றே கிடையாதே. எது வரவேண்டும் என்று மனதில் இருந்தால்தானே வந்தது வேறு என்று தெரியும்?

வரி முடிவில் மாற்றினால் எல்லோரும் பிடிப்பார்கள். நடுவில் மாற்றினால் பாதிப் பேர். மெட்டை அப்படியே விட்டு இடது கையில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) மாற்றினால் இரண்டு மூன்று பேர் மட்டும் முகம் சுளிப்பார்கள், எங்கே என்று சொல்லத் தெரியாது. "என்னமோ மாதிரி இருக்கு மிஸ்" என்பார்கள். அந்த 'என்னமோ'வைத்தான் அடுத்த இரண்டு வகுப்பில் துருவ வேண்டும். மேலேயா கீழேயா? மெட்டிலா அடியிலா? ஸ்வரம் மாறியதா, நீளம் மாறியதா?

புதுவாத்தியார் தம்பி, கத்தட்டும், தடுக்காதீர்கள். கோடாய் என்ற இசை கற்பிக்கும் முறையில் ஓர் ஆட்டம் உண்டு. பாடிக்கொண்டே இருக்கும்போது கையை மூடுங்கள்: சத்தம் நிற்கவேண்டும், பாட்டு மனதுக்குள் ஓடவேண்டும். கையைத் திறந்ததும் எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்து வாய்விட்டுப் பாடவேண்டும். முதல் தடவை நாற்பது பேரும் நாற்பது இடத்தில் வந்து விழுவார்கள், ஒரே சிரிப்பு. நாலைந்து வகுப்பில் ஒன்றாக வருவார்கள். உள்ளுக்குள் கேட்கத் தெரியாமல் அது நடக்காது.

தவில்பிரியன்

நல்ல இழை. என் பங்குக்கு ஒரு ஜோடி.

'ஜாய் டு த வேர்ல்ட்' ஆரம்பம் ஒரு முழு அவரோகணம். மேல் ச-வில் தொடங்கி நி த ப ம க ரி ச என்று ஒரு ஸ்வரம்கூட விடாமல் எட்டுப் படி இறங்கும். நான் முதலில் அதை வெறும் ஸ்கேலாக (ஸ்வர வரிசையாக), எல்லா ஸ்வரமும் ஒரே நீளத்தில் வாசிப்பேன். "இது என்ன பாட்டு?" யாருக்கும் தெரியாது. "பாட்டு இல்ல சார், சும்மா ஸ்கேல்" என்பார்கள். மறுபடி அதே எட்டு ஸ்வரம், அதே வரிசை, ஸ்வரங்களின் நீளம் மட்டும் பாட்டில் உள்ளபடி: முதல் ஸ்வரம் நீளம், இரண்டாவது கொஞ்சம் குறைவு, மூன்றாவது வெடுக்கென்று, நான்காவதில் நின்று... அந்த நான்காவதற்குள் வகுப்பு கூவிவிடும். ஸ்வரம் வேறு, தாள நடை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியவில்லை.

இதற்கு நேரெதிர் 'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவி. முதல் ஆறு ஸ்வரமும் ஒரே க. க க கா, க க கா. மெட்டு நகரவே இல்லை. அதனால் மேஜையில் தட்டினாலே போதும், சின்னப் பிள்ளைகூடப் பாட்டைச் சொல்லிவிடும். ஒன்றில் ஸ்வரமும் தாளமும் சேர்ந்தால்தான் பாட்டு தெரிகிறது, இன்னொன்று தட்டுவதாலேயே தெரிகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே ஒரு பீரியட் ஓடிவிடும்.

அப்புறம் உக்ரைனிலிருந்து வந்த 'கேரல் ஆஃப் த பெல்ஸ்'. மிகோலா லெயோன்டோவிச் அமைத்தது, 1916இல் கீவ் நகரில் முதலில் பாடப்பட்டது. மூலத்தில் அது புத்தாண்டு நாட்டுப் பாட்டு. மணி பற்றிய ஆங்கில வரிகள் 1936இல்தான் வந்தன. நாலே ஸ்வரம், திரும்பத் திரும்ப. அதன்மேல் மற்ற குரல்கள் வந்து ஏறிக்கொள்ளும். "அந்த நாலு ஸ்வரம் காதை விட்டுப் போகும்போது கையை இறக்கு" என்பேன். சத்தம் கூடக் கூட அந்தச் சின்னத் துணுக்கைப் பிடித்துவைப்பது பெரியவர்களுக்கே சிரமம். எனக்கு வகுப்பிலேயே பிடித்த ஐந்து நிமிஷம் அது.

சைகைமொழி

தவில்பிரியன் சொன்ன ஜோடி எனக்கு வேறு விதத்தில் உதவுகிறது. நான் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த பிள்ளைக்குத் தாளம் ஓரளவு நன்றாகப் பிடிபடும். சுருதி ஏற்ற இறக்கம் பிடிபடுவதுதான் கஷ்டம். அந்தப் பிள்ளை 'ஜிங்கிள் பெல்ஸ்' தட்டுதலை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கும். ஸ்கேல் இறங்குவதைக் கேட்டுச் சொல் என்றால் உம்மென்று உட்கார்ந்திருக்கும். கவனக்குறைவு என்று தயவுசெய்து குறித்துவிடாதீர்கள்.

செவிக்கருவியும் முக்கியமாகப் பேச்சுக்காகத்தான் அமைக்கப்படுகிறது. முழு ஆர்கெஸ்ட்ரா பதிவு அதில் குழம்பிப்போகும். ஒரே வாத்தியம், நேரடியாக, பக்கத்தில் வாசித்தால் நிலைமை எவ்வளவோ மேல். பியானோவின் மரப்பலகையில் உள்ளங்கையை வைக்கவிடுங்கள். மற்ற பிள்ளைகளும் வைத்துப் பார்க்கக் கேட்பார்கள், வைக்கட்டும்.

புதுவாத்தியார்

பதிவு என்றதும் ஞாபகம் வந்தது. நான் போனிலிருந்தே போடுகிறேன். போதுமா?

எட்டுக்கட்டை

போதாது. போன் ஸ்பீக்கரில் அடி ஸ்வரமே வராது. அதில் போட்டுவிட்டு "செல்லோ எப்போ வந்துச்சு?" என்று கேட்டால் பிள்ளை என்ன, நானே முழிப்பேன். நல்ல ஸ்பீக்கர் இல்லையென்றால் வாயால் பாடுங்கள், உங்கள் குரலே போதும். ஸ்வரத்தை மாற்றிப் பாடும் வித்தையெல்லாம் பதிவில் முடியவும் முடியாது.

(அந்தப் பொறி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், கோரஸ் மேடம். மற்றபடி என் கட்சி மாறவில்லை.)

ரெண்டாம்பெஞ்ச்

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. மகள் இசை வகுப்பில் கேரல் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளே வந்து கேட்டாள், "அப்பா, இது சாமி பாட்டா, பாடமா?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள்?

தவில்பிரியன்

மெட்டைப் பார்த்தால் பல கேரல்கள் கோயில் வாசலையே மிதிக்காதவை, சார். 'குட் கிங் வென்செஸ்லஸ்' மெட்டு 1582ஆம் வருஷத் தொகுப்பு ஒன்றில் வசந்தகாலப் பாட்டாக இருந்தது, இப்போதுள்ள வரிகள் 1853இல் சேர்ந்தவை. 'டிங் டாங் மெரிலி' மெட்டு 1589இல் வந்த நடனப் புத்தகத்தில் இருக்கிறது. 'ஹார்க் த ஹெரால்ட்' மெட்டை இசையமைப்பாளர் மெண்டல்சன் 1840இல் எழுதியது அச்சுக்கலை கொண்டாட்டத்துக்காக. பக்தி வரிகளுக்கு அது ஒத்துவராது என்று அவரே நினைத்தார். 'ஜிங்கிள் பெல்ஸ்'இல் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

எட்டுக்கட்டை

தம்பி, இது சமாளிப்பு. மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன, இன்றைக்கு 'ஹார்க் த ஹெரால்ட்' பக்திப் பாட்டுதான். நம்புகிறவர்களுக்கு அதில் பொருள் இருக்கிறது. "வெறும் நடன மெட்டு, பயப்படாதீங்க" என்று சொன்னால் பாட்டை நேசிப்பவரும் வருத்தப்படுவார், கேள்வி கேட்ட பெற்றோரும் ஏமாந்ததாக நினைப்பார். இது இந்த மதத்தாரின் பாட்டு, நாம் அதன் இசையைக் கவனிக்கப்போகிறோம் என்று நேராகச் சொல்லிவிடுவதில் என்ன குறைச்சல்?

கோரஸ்_டீச்சர்

இதில் நான் எட்டுக்கட்டை ஐயா பக்கம். ரெண்டாம்பெஞ்ச் சார், மகளிடம் இப்படிச் சொல்லலாம்: பாட்டு சாமி பாட்டுதான், வகுப்பில் நடப்பது பாடம். பாடுவதற்கும் கேட்பதற்கும் இங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிகழ்ச்சியில் பாடினால் அந்த வரிகளை அவள் தன் வாயால் சொல்கிறாள். கேட்கும் வகுப்பில் எத்தனை குரல், மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கையைக் காட்டினால் போதும். எதையும் ஏற்றுச் சொல்லவேண்டியதில்லை. நான் டிசம்பர் தொடங்குவதற்கு முன்பே பெற்றோருக்குப் பாட்டுப் பட்டியலையும் அதில் என்ன செய்வோம் என்பதையும் எழுதி அனுப்பிவிடுவேன். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பாட்டுக்குப் பதிலாக வாத்திய வடிவம் போடுவேன். கேட்கும் பயிற்சிக்கு வார்த்தை இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது, காது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காது.

ரெண்டாம்பெஞ்ச்

நன்றி டீச்சர். பட்டியல் முன்பே வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

புதுவாத்தியார்

வார்த்தையே வேண்டாமா? 'வீ த்ரீ கிங்ஸ்' வைத்து மேஜர், மைனர் என்ற இரண்டு வகை ஸ்கேலையும் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருந்தேன். சரணம் சோகம், பல்லவி சந்தோஷம் என்று வார்த்தையோடு சொன்னால்தானே புரியும்?

கோரஸ்_டீச்சர்

பாட்டுத் தேர்வு அருமை. 1857இல் வரிகளும் மெட்டும் ஒரே ஆள் எழுதியது. சரணம் மைனரில் போய்க்கொண்டிருக்கும். 'ஓ' என்று நீட்டி நிற்கும் இடத்தைத் தாண்டியதும் பல்லவி மேஜரில் திறக்கும். அந்த 'ஓ'வுக்குப் பிறகு என்ன மாறியது என்று மட்டும் கேளுங்கள். நிறமாகச் சொல்லட்டும், கையால் காட்டட்டும், எழுந்து நிற்கட்டும். "ஜன்னல் திறந்த மாதிரி" என்று ஒரு குட்டி சொன்னாள், அதைவிட நல்ல விடை எனக்கு வந்ததில்லை.

எட்டுக்கட்டை

ஆனால் மைனர் என்றால் சோகம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், புதுவாத்தியார். அது ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. 'காட் ரெஸ்ட் யே மெரி ஜென்டில்மென்' முழுக்க மைனர். நம் கணக்கில் நடபைரவி ராகத்துக்குப் பக்கம். பாட்டு சொல்வதோ ஆறுதலும் ஆனந்தமும்! வேகமாகப் பாடினால் குதித்துக்கொண்டு போகும். சோகம், சந்தோஷம் என்ற இரண்டு பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளை எந்தப் பெட்டியில் போடுவது என்று பார்க்குமே தவிர, மேஜரையும் மைனரையும் பிரிக்கிற அந்த க எங்கே நிற்கிறது என்று கேட்காது. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

புதுவாத்தியார்

அடடா, ஆமாம். பாடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

தவில்பிரியன்

வார்த்தை வைத்துச் செய்ய நல்ல வழி ஒன்று: 'அவே இன் எ மேஞ்சர்'. ஒரே வரிகளுக்கு இரண்டு பிரபலமான மெட்டுகள். 1887இல் வந்தது ஒன்று, 1895இல் வந்தது ஒன்று. பழையது ஆரம்பத்திலேயே மேலிருந்து படிப்படியாக இறங்கும். பிந்தையது கீழே ப-வில் காலை ஊன்றி ச-வுக்குத் தாவி மேலே போகும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பாட்டு போகும் வழியில் பென்சிலை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள். வார்த்தை ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் முழுக்க மெட்டில்தான் என்பதில் சந்தேகம் வராது.

சைகைமொழி

பென்சில் கோடு என் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும். பக்கத்தில் இருப்பவரின் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டால் சிலருக்குத் திடீரென்று பிடிபடும். அதைக் காப்பியடிப்பது என்று திட்டவேண்டாம்.

புதுவாத்தியார்

எங்கள் பள்ளியில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கேட்கிறார்கள். கேட்பதற்கு எப்படி மார்க் போடுவது?

கோரஸ்_டீச்சர்

முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் அந்தப் பென்சில் தாளைக் கோப்பில் வையுங்கள், முதல் வாரத் தாளும் கடைசி வாரத் தாளும் சேர்த்து. அதிகாரி வந்தால் காட்ட அது போதும்.

இன்னொன்று, ஒத்திகை நேரத்தையே திருடிக்கொள்ளலாம். பாதி வகுப்பு 'ஓ கம் ஆல் யே ஃபெய்த்ஃபுல்' பாடட்டும். மீதிப் பாதி முதுகைக் காட்டி நிற்கட்டும். அவர்களுக்கு ஒரே வேலை: வரி நடுவில் யாராவது மூச்சு வாங்கினால் கையைத் தூக்குவது. அடுத்த முறை இடம் மாற்றுங்கள். அந்தப் பல்லவியில் ஒரே அழைப்பு மூன்று தடவை வரும், ஒவ்வொரு தடவையும் சத்தம் ஏறவேண்டும். முதல் தடவையே கத்திவிட்டால் மூன்றாவதற்கு ஏற இடமில்லை. இதை நான் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாது. முதுகைக் காட்டி நின்ற தோழி திரும்பி, "மூணும் ஒரே மாதிரி இருந்துச்சுடி" என்றால் உடனே ஏறுகிறது.

எட்டுக்கட்டை

இதற்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டும் என்று இல்லை, எந்தப் பாட்டிலும் செய்யலாம். ஆனாலும் நல்ல யோசனை. என் மாணவர்களிடம் முயன்று பார்க்கிறேன், கேரல் இல்லாமல்.

கோரஸ்_டீச்சர்

கேரல் இல்லாமலே செய்யுங்கள் ஐயா, விட்டுத்தருகிறேன். ஆனால் அந்த ஸ்வரப் பொறிக்குத் தெரிந்த பாட்டு இல்லாமல் முடியாது என்பதில் மட்டும் நான் இறங்கமாட்டேன்.

புதுவாத்தியார்

கடைசியாக ஒன்று. நாளை 'ஜாய் டு த வேர்ல்ட்' ஸ்கேல் ஆட்டம் ஆடப்போகிறேன். நான்காம் வகுப்பு. எந்த ஸ்ருதியில் எடுக்கலாம்? 'சைலன்ட் நைட்'டும் பாடவைக்கலாமா?

தவில்பிரியன்

டி மேஜரில் எடுங்கள், அதாவது டி-தான் ச. பாட்டு மொத்தமும் கீழ் ச முதல் மேல் ச வரை, சரியாக ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும், அந்த வயதுக் குரலுக்குச் சுகம். சி-யில் எடுத்தால் அவரோகணத்தின் கடைசி ஸ்வரம் முனகலாகிவிடும், அதை வைத்துத்தானே ஆட்டமே. 'சைலன்ட் நைட்' பாட வேண்டாம், கேட்க வையுங்கள். அது மேல் ச-வையும் தாண்டி மேல் ம வரை போகும். அந்த ஒரு ஸ்வரத்தில் வகுப்பே கீச்சிடும். வேண்டுமானால் நீங்கள் பாடுங்கள், எல்லாவற்றிலும் மேலே போகும் இடம் எது என்று அவர்கள் கையைத் தூக்கட்டும்.

புதுவாத்தியார்

சரி அண்ணா, டி மேஜர். போன் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.